முட்டுக்கட்டை

கொலுக்குமலையில் அன்று இரவு நான்கு முறை எழுந்தேன். நான்கு முறையும் என் கால்கள் கூடாரத்தின் கீழ்ப்பக்கத் துணிச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் புழு மாதிரி நெளிந்து மேலே ஏறிப் படுப்பேன். அரைமணி நேரத்தில் மறுபடியும் கீழே. பக்கத்தில் படுத்திருந்த நண்பன் இன்னும் மோசம். அவன் நேராகச் சறுக்கவில்லை, குறுக்காகச் சறுக்கினான். மூன்று மணி வாக்கில் அவன் முழங்கை என் விலாவில் இருந்தது. "மச்சி, நான் உன் மேல படுக்கல, பூமி என்னைத் தள்ளுது" என்றான்.

2019 டிசம்பர். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் எலும்பு கழன்றுவிடும் குலுக்கலில் ஏறிப் போயிருந்தோம். 7,000 அடிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வரிசையாகக் கூடாரங்கள். பகலில் பார்த்தபோது இடம் சமதளமாகத்தான் தெரிந்தது. மலையில் எல்லாமே சரிவாக இருப்பதால் கொஞ்சம் குறைந்த சரிவு கண்ணுக்குச் சமதளம் ஆகிவிடுகிறது. படுத்த பிறகு உடம்பு கண்டுபிடித்துவிடும்.

காலையில் மேகக் கடலுக்கு மேல் சூரியன் வந்தது. எல்லாரும் "வாவ்" என்றார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போடி எங்கள் ஊர். கொலுக்குமலையிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே தெரியும் சமவெளி. ஆனால் வண்டியில் வர கேரளாவுக்குள் போய்ச் சுற்றி, போடிமெட்டு வழியாக இறங்க வேண்டும். அப்படியே வீட்டுக்கு வந்தேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு எங்கள் பக்கத்தில் மலையில் போய்ப் படுக்கிறேன் என்று சொன்னாலே வீட்டில் முகம் மாறும். அம்மா பேசவில்லை. அப்பாதான் கேட்டார்.

"தூங்குனியா?"

நடந்ததைச் சொன்னேன். அப்பா சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. "காசு குடுத்து மலையில போயி சறுக்குமரம் வெளாடிட்டு வந்திருக்க." அப்புறம் ரொம்ப சீரியஸாகக் கேட்டார்: "கீழ கட்டை குடுத்தியா?"

அப்பா பஸ் டிரைவர். ஓய்வு பெறும்வரை பாதி சர்வீஸ் மலை ரூட்டில். மலையில் டீக்கடை ஓரம் வண்டி நின்றால் கண்டக்டர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கட்டையைச் செருகுவார். கட்டை இல்லையென்றால் கல். ஹேண்ட் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்பா கட்டை இல்லாமல் சீட்டை விட்டு இறங்க மாட்டார். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் இப்போது செய்தித்தாளில் மட்டும் பார்க்கிறோம், யாரோ யாருக்கோ முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்று. அப்பாவுக்கு அது மரத்தால் ஆன பொருள். தேர் ஓடும் ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான்.

"அப்பா, அது பத்து டன் வண்டி. இது ஃப்ரிக்ஷன் பிரச்சனை. வேற மாதிரி சால்வ் பண்ணணும்" என்றேன்.

"சரிப்பா இஞ்சினியர்" என்றார்.

*

சால்வ் பண்ணினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு இப்போதும் கொஞ்சம் பெருமை இருக்கிறது.

உராய்வுக்கு நாம் பள்ளியில் படித்த விதிகள் பழையவை. லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்து யாருக்கும் தெரியாமல் கிடந்ததை, 1699இல் பிரெஞ்சுக்காரர் அமோந்தான் மறுபடி கண்டுபிடித்தார். 1785இல் கூலும் அதை விரிவாக்கினார். எடை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும், தொடும் பரப்பு எவ்வளவு என்பது பொருட்டில்லை. அதனால்தான் அகலமான பாய் வாங்கினால் சறுக்காது என்பது வீண் செலவு. குண்டான ஆள் சறுக்க மாட்டார் என்பதும் பொய். எடை அவரைப் பிடித்து வைக்கிற அளவுக்கு இழுக்கவும் செய்கிறது.

சரிவு ஐந்து டிகிரி என்றால், உராய்வுக் குணகம் 0.09 இருந்தாலே பொருள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நைலான் மேல் நைலானுக்குக்கூட அதைவிட அதிகம் உண்டு. அதாவது கணக்குப்படி நான் சறுக்கியிருக்கவே கூடாது. பிறகு எப்படி?

இதற்கு விடை கிடைக்க ஒரு வாரம் ஆனது. நான் ஒரு மரப்பெட்டியாக இருந்தால் சறுக்கியிருக்க மாட்டேன். நான் புரண்டு படுக்கிறேன். ஒவ்வொரு முறை புரளும்போதும், காலை உதைக்கும்போதும், அந்த ஒரு நொடிக்கு உராய்வின் பிடி விட்டுப்போகிறது. விட்ட பிடி மறுபடி கிடைப்பதற்குள் உடம்பு அரை அங்குலம் நகர்கிறது. எந்தப் பக்கம் புரண்டாலும் நகர்வது கீழ்ப்பக்கம்தான். உராய்வுக்குத் திசை கிடையாது, ஈர்ப்புக்கு உண்டு. ஒரு ராத்திரியில் முப்பது தடவை புரண்டால் பதினைந்து அங்குலம். விழுவது எப்போதும் ஒரே அடியாக நடப்பதில்லை.

அடுத்தது, எத்தனை இடத்தில் சறுக்குகிறது? கூடாரத் தரைக்கும் பாய்க்கும் நடுவே ஒன்று. பாய்க்கும் ஸ்லீப்பிங் பேகுக்கும் நடுவே இன்னொன்று. இரண்டும் வழுவழுப்பான துணிகள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் அடுத்ததில் சறுக்கும். மென்பொருளில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஒரு அடுக்கில் பக் இல்லை என்று நிரூபித்தால் அது அடுத்த அடுக்கில் உட்கார்ந்து சிரிக்கும். அதனால் முதலில் எல்லா அடுக்குகளையும் எண்ண வேண்டும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தேன்.

நம் கோரைப்பாயில் இந்தத் தொல்லை இல்லை. மொட்டை மாடியில் மழைநீர் வடியச் சரிவு விட்டிருப்பார்கள், அதில்தான் கோடை முழுக்கப் படுத்திருக்கிறோம். கோரை சொரசொரப்பு, தளம் சொரசொரப்பு, போர்வை பருத்தி. எந்த அடுக்கிலும் வழுக்கல் இல்லை. முதுகுப்பையில் மடிக்க முடியாது என்பதுதான் அதன் ஒரே குறை.

தீர்வு, ஹார்ட்வேர் கடையில் விற்கும் சிலிகான் டியூப். பாத்ரூம் மூலையில், கண்ணாடி ஓரத்தில் அடைப்பார்களே, அதுதான். காற்றடைத்த பாயைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத் துணியில் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக எட்டணா அளவில் பொட்டு வைக்க வேண்டும். விரலால் லேசாக அமுக்கித் தட்டையாக்க வேண்டும். மேல்பக்கத்திலும் தோள், இடுப்பு படும் இடத்தில் சில வரிசைகள். ஒரு நாள் காய வேண்டும். காயும்போது வினிகர் வாசனை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்த பிறகு சுருட்டினால் பொட்டோடு பொட்டு ஒட்டும், கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிவிட்டால் போதும். விரிக்கும்போது ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். ரப்பர் போன்ற இந்தப் பொருள்களுக்கு அமோந்தான் விதி சரியாகப் பொருந்தாது. அவை எடையால் மட்டும் பிடிப்பதில்லை, மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. அதுதான் ரகசியம்.

2021 செப்டம்பரில் ஹம்ப்டா கணவாய் போனோம். குல்லு பக்கத்துப் பச்சையிலிருந்து ஏறி, சுமார் 14,000 அடியில் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் லாகுலின் வறண்ட மண்ணுக்கு இறங்கும் பாதை. கணவாய் தாண்டியதும் ஷியா கோரு என்ற இடத்தில் கேம்ப். குளிர் எலும்பைக் கடித்தது, தரை சரிவு. காலையில் கண் விழித்தபோது படுத்த இடத்திலேயே இருந்தேன். கூட வந்தவர்கள் எல்லாரும் கூடாரத்தின் கீழ்மூலையில் மூட்டையாகக் கிடந்தார்கள். போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "கட்டை இல்லாமலே நின்னாச்சு." இரண்டு நாள் கழித்து சிக்னல் கிடைத்தபோது ஒரு கட்டைவிரல் பதில் வந்திருந்தது.

*

அடுத்த வருடம் ஜூலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. மதுரையில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. வேலையை வீட்டிலிருந்து செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு போடிக்கு வந்துவிட்டேன். மூக்கில் குழாயை எடுத்துவிட்டு, கூழாகப் பிசைந்த உணவு கொடுக்கலாம் என்று அனுப்பினார்கள். ஒரு நிபந்தனை: நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு நுரையீரலுக்குள் போகும்.

அதற்காகக் கட்டில் வாடகைக்கு எடுத்தோம். இதில் இரண்டு வகை உண்டு என்று அன்றுதான் தெரியும். ஃபௌலர் காட், செமி ஃபௌலர் காட். ஜார்ஜ் ரையர்சன் ஃபௌலர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயர் அது. நோயாளியைச் சாய்ந்து உட்கார வைக்கும் நிலைக்கே அவர் பெயர்தான். ஃபௌலர் கட்டிலில் கால்மாட்டில் இரண்டு கைப்பிடி இருக்கும். ஒன்றைச் சுற்றினால் முதுகு உயரும், இன்னொன்றைச் சுற்றினால் முழங்கால் பக்கம் உயரும். செமியில் ஒரே கைப்பிடி, முதுகு மட்டும். கடையில் அன்று இருந்தது செமிதான். "முதுகு தூக்குனா போதும்ல சார், சாப்பாடு ஊட்டத்தானே" என்றார் கடைக்காரர். எனக்கும் போதும் என்றுதான் பட்டது.

முதுகைத் தூக்கினால் அப்பா சறுக்கினார்.

இருபது நிமிடத்தில் தலை தலையணையிலிருந்து இறங்கி, முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் படும். அந்த நிலையில் ஊட்ட முடியாது. நான் தலைமாட்டில் ஏறி நின்று இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்து மேலேற்றுவேன். ஒரு வேளைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பா முகத்தைச் சுளிப்பார்.

கொலுக்குமலை ஞாபகம் வந்தது. இந்தப் பிரச்சனையை நான் ஏற்கெனவே சால்வ் பண்ணியிருக்கிறேனே!

அடுக்குகளை எண்ணினேன். கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே. மெத்தையின் ரெக்ஸினுக்கும் விரிப்புக்கும் நடுவே. விரிப்புக்கும் அப்பாவுக்கும் நடுவே. மூன்று. சமையலறை டிராயரில் பாத்திரம் நகராமல் இருக்கப் போடுவார்களே, வலை மாதிரி ரப்பர் விரிப்பு, அதை ஆன்லைனில் பெரிய சுருளாக வாங்கினேன். மெத்தைக்கு அடியில் ஒன்று, விரிப்புக்கு அடியில் ஒன்று. விரிப்பும் பாலியஸ்டர் வேண்டாம் என்று கெட்டிப் பருத்திக்கு மாற்றினேன்.

அப்பா நின்றார். ஊட்டி முடித்து ஒரு மணி நேரம் ஆனாலும் தலை தலையணையிலேயே இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அக்காவுக்கு வீடியோ அனுப்பினேன். ஒரு மாதமாக எதுவுமே என் கையில் இல்லை என்றிருந்த எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். ஊட்டிய பிறகு கட்டிலை இறக்கக்கூட அவசரப்படவில்லை. அதுதான் சறுக்கவில்லையே. அப்பா டிவி பார்க்கட்டும் என்று மணிக்கணக்கில் அப்படியே விட்டேன்.

மூன்றாம் நாளிலிருந்து அப்பா இடது கையைப் பின்னால் கொண்டுபோய் என்னவோ காட்டினார். பேச்சு வரவில்லை, "தா... தா..." என்றார். நான் ஃபேனைக் கூட்டினேன். அம்மா, "அவருக்கு முதுகு எரியுது போலடா, அந்த ரப்பரை எடுத்துரு" என்றார். "அம்மா, அதை எடுத்தா மறுபடி சறுக்குவாரு" என்றேன். அதைச் சொன்ன குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. மீட்டிங்கில் ஜூனியர்களிடம் பேசும் குரல்.

ஆறாம் நாள், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கும் சிஸ்டர் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகுத்தண்டு முடியும் இடத்தில், இரண்டு புட்டத்துக்கும் மேலே, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தோல் கருத்து, நடுவில் உரிந்திருந்தது. சிஸ்டர் சுற்றிலும் விரலால் அமுக்கிப் பார்த்தார். புறங்கையை வைத்து சூடு பார்த்தார். பிறகு விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இதை யாரு போட்டா?"

"நான்தான் சிஸ்டர். சறுக்கிட்டே இருந்தாரு."

"இப்ப சறுக்கலையா?"

"இல்ல."

"விரிப்பு சறுக்கல. தோலும் சறுக்கல. உள்ள இருக்கிற எலும்பு?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து மேசைமேல் உள்ளங்கையை அழுத்தி வைக்கச் சொன்னார். பிறகு மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக முன்னால் தள்ளினார். உள்ளங்கைத் தோல் மேசையோடு அப்படியே இருந்தது, உள்ளே எலும்பு மட்டும் நகர்ந்தது. நடுவில் ஏதோ இழுபட்டு முறுக்கிக்கொள்வது தெரிந்தது. "இந்த நடுவுலதான் ரத்தக்குழாய் எல்லாம் போகுது. இதை ஒரு மணி நேரம் இப்படியே வெச்சிருந்தா? அப்பாவால நகர முடியாது. வலிக்குதுன்னு சொல்ல முடியாது."

நான் எண்ணாமல் விட்ட நான்காவது அடுக்கு அது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே. முன்பு சறுக்கியது விரிப்பும் உடம்பும், அது கண்ணுக்குத் தெரிந்தது. நான் மேலே இருந்த மூன்று அடுக்கையும் பூட்டியதும், சரிவின் இழுப்பு முழுவதும் அப்பாவின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிரச்சனை தீரவில்லை. எனக்குத் தெரியாத இடத்துக்கு மாறியிருந்தது. போதாக்குறைக்கு அந்த ரப்பர் வலை வியர்வையையும் பிடித்து வைத்திருந்தது.

கூடாரத்தில் என் பாய் என்னைப் பிடித்து நிறுத்தியபோது எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? சரிவு ஐந்து டிகிரி, கட்டிலின் சாய்வு அறுபது. அங்கே நான் ராத்திரி முழுக்கப் புரண்டேன். எந்தப் புரளலைக் குற்றவாளி என்று கண்டுபிடித்தேனோ அதுதான் என் தோலைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது. அப்பாவால் புரள முடியாது.

*

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரப்பரைச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டு, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். யாருக்காவது உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஊட்டும் நேரமும் அதற்குப் பிறகான அரைமணி, ஒரு மணி நேரமும் தவிர, முதுகை முப்பது டிகிரிக்கு மேல் தூக்கி வைக்காதீர்கள். தூக்கும்போது முதலில் முழங்காலை உயர்த்துங்கள், அப்புறம் முதுகு. இறக்கும்போது முதலில் முதுகு. முழங்கால் கைப்பிடி இல்லாத கட்டில் என்றால் தொடைக்கும் முட்டிக்கும் அடியில் தலையணை. ஆனால் நாள் முழுக்க வைக்காதீர்கள், முட்டி மடங்கியே இறுகிவிடும். அக்குளைப் பிடித்து இழுக்கவே கூடாது. விழுந்துபோன பக்கத்துத் தோள்மூட்டு இறங்கிவிடும். இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் குறுக்காக ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து, இழுக்காமல் தூக்கி மேலே வைக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் இருக்க வேண்டும். நம் நிறத்தில் தோல் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"இவ்ளோதான் தம்பி. சறுக்காம ஒட்ட வைக்கிறது இல்ல. சறுக்கவே வழி இல்லாம உக்கார வைக்கிறது."

சொல்லிக்கொண்டே அப்பாவின் தொடைக்கு அடியில் இரண்டு தலையணையைச் செருகிவிட்டு, முதுகுப் பக்கத்தை மெதுவாக ஏற்றினார். அப்பா உட்கார்ந்தார். நகரவில்லை. சிஸ்டர் விரிப்புக்கு அடியில் கையை விட்டு, அப்பாவின் இடுப்புக்குக் கீழே இழுப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டினார்.

அப்பா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் தலையணையைத் தட்டினார். வாய் ஒரு பக்கம் இழுக்க, "கட்... ட" என்றார்.

சிஸ்டருக்குப் புரியவில்லை. "என்ன கேக்குறாரு, கட்டிலா?"

அம்மாவுக்குப் புரிந்தது. எனக்கும். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. வெளியே தெரிந்ததைவிட உள்ளே பெரிதாக இருந்தது. தினமும் டிரெஸ்ஸிங் மாற்றும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அக்கா சொன்னாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்பாவுக்குத் தூக்கிப் பிடிக்க, ஊட்ட, துடைக்க எல்லாம் அம்மா இருந்தார். நான் கெட்டிக்காரத்தனத்தோடு வந்த ஆள். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அன்பு காட்டினேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். அம்மா சொன்ன அன்றைக்கே அந்த ரப்பரை எடுத்திருந்தால் தோல் உரியாமல் இருந்திருக்கலாம் என்பதும் உண்மை. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

அந்த மாதங்களில் இரவு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுத்தேன், ஹம்ப்டா போன அதே பாயில். டைல்ஸ் தரையில் சிலிகான் பொட்டுகள் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். இரண்டு மணிக்கு ஒரு அலாரம். எழுந்து அம்மாவை எழுப்பி, இரண்டு பேருமாக அப்பாவைத் திருப்பிப் போட்டு, முதுகில் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டுப் படுப்பேன்.

இப்போது அப்பா நாலுகால் ஊன்றுகோல் வைத்து வாசல்வரை நடக்கிறார். பேச்சு பாதி வந்துவிட்டது. சொற்கள் தேடித்தேடி வரும், சில சமயம் வேறு சொல் வந்து நிற்கும்.

போன ஜனவரியில் நான்கு வருடம் கழித்துக் கூடாரம் போட்டேன். மேகமலைப் பக்கம். இரண்டே பேர். பாயை விரிப்பதற்கு முன் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்த்தேன். தலையை மேட்டுப் பக்கம் வைத்தேன். பாயின் கீழ்விளிம்புக்கு அடியில் ஜெர்கினைச் சுருட்டி வைத்து, அதற்கு அந்தப் பக்கம் முதுகுப்பையையும் ஷூவையும் அடுக்கினேன். சிலிகான் பொட்டுகளில் பாதி உரிந்துபோயிருந்தன, புதிதாக வைக்கவில்லை. நன்றாகத்தான் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். சொல்லைத் தேடினார். வரவில்லை. கையால் சக்கரம் மாதிரி ஒரு வட்டம் போட்டு, அதற்குக் கீழே விரலைச் செருகிக் காட்டினார்.

"குடுத்தேன்பா" என்றேன்.

"ம்" என்றுவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பினார்.